சுமித்ரா டீச்சரும் பால் வடியும் ஆசனமும்

சுமித்ரா யோகா படித்தது ஆறே ஆறு நாள்தான். அதுவும் இரத்தினபுரியில், ஒரு கல்யாண மண்டபத்தில், மத்தியானத்துக்குச் சோற்றுப் பார்சல் கொடுத்துப் படிப்பித்தார்கள். அதை வைத்துக்கொண்டு நான்கு வருசம் அவள் ஒரு தோட்டத்துப் பிள்ளைகளையெல்லாம் பாம்பாகவும் தவளையாகவும் ஆக்கினாள் என்றால் நம்பாதவர்கள், தெஹியோவிட்டையிலிருந்து பஸ் ஏறி வந்து கேட்டுப் பார்க்கலாம். என்ன, கேட்பதற்கு இப்போது அங்கே ஆள் குறைவு. அதுவும் இந்தக் கதைக்குள்தான் வருகிறது.

அவளுக்கு வயது முப்பத்திரண்டு. தோட்டத்துக் கீழ்ப் பிரிவில், லயம் என்கிற வரிசை வீடுகளின் ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்து, அதே லயத்தில் நான்கு காம்பரா தள்ளி வாழ்க்கைப்பட்டவள். புருசன் ஸ்ரீதரன் கொழும்பில் இரும்புச் சாமான் கடையொன்றில் வேலை. தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்கும் வந்து தலையைக் காட்டுவான். பிள்ளை இல்லை. அதைச் சொல்லிக் காட்ட ஆளா இல்லை? “ஊரான் பிள்ளைக்கு மூக்குச் சிந்தி விடத்தான் இவள ஆண்டவன் படைச்சிருக்கான்” என்று அவள் காதுபடவே பேசுவார்கள். பேசுகிறவளின் பிள்ளைக்கும் மறுநாள் காலையில் அவள்தானே மூக்குச் சிந்தி விட வேண்டும்.

அவள் வேலை பார்த்தது பிள்ளைக் காம்பராவில். தாய்மார் விடியற்காலையில் ரப்பர் மலைக்குப் பால் வெட்டப் போகும்போது, கைப்பிள்ளையையும் நடைபிள்ளையையும் விட்டுவிட்டுப் போகிற இடம். அங்கே அவளுக்கு ஆயா என்றுதான் பேர். திரிபோஷா சத்துமாவு கரைத்துக் கொடுப்பது, கழுவி விடுவது, தூங்க வைப்பது. அப்படியே பத்து வருசம் ஓடியிருக்கும். கொழும்பிலிருந்து ஒரு மன்றத்தார் வந்து, சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லி யோகா பழக்கப் போகிறோம், காம்பராவின் செலவையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். தோட்டத்துக்குக் கசக்குமா? தலையை ஆட்டிவிட்டது. சுமித்ரா இரத்தினபுரிக்கு ஆயாவாகப் போய் டீச்சராகத் திரும்பி வந்தாள்.

கையில் ஒரு பெட்டி நிறையப் பட அட்டைகள் கொடுத்திருந்தார்கள். முதல் அட்டையிலேயே ஒட்டகம். நாலு வயதுப் பொடியன் ஒருவன் உற்று உற்றுப் பார்த்துவிட்டு, “முதுகு வீங்கின மாடா டீச்சர்? மருந்து போடலயா?” என்று கேட்டான். அடுத்தது டொல்பின். அதைப் பார்த்து இரண்டு பிள்ளைகள் அழுதே விட்டன. சுமித்ரா பெட்டியை மூடி அலுமாரிக்கு மேலே போட்டாள். அதன் பிறகுதான் அவளுக்கே தெரியாமல் அவளுக்குள் இருந்த ஒன்று வெளியே வந்தது.

அட்டை ஆசனம் என்று ஒன்று செய்தாள். படத்து அட்டையல்ல, மழை நாளில் காலில் ஏறுகிற அட்டை. கையை ஊன்றி, முதுகை வளைத்து, முன்னால் ஒரு எட்டு, பின்னால் ஒரு எட்டு. பிள்ளைகள் காம்பரா முழுக்க ஊர்ந்தன. சும்மா மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக் கிடப்பதற்கு அவள் வைத்த பேர் ஞாயிற்றுக்கிழமை. “எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை ஆகுங்க!” என்றால் இருபத்துமூன்று பிள்ளைகளும் பொத்தென்று விழும். எல்லாவற்றுக்கும் மேலே பால் வடியும் ஆசனம். ஒரு பிள்ளை ஒற்றைக் காலில் ரப்பர் மரமாக நிற்கும். இன்னொரு பிள்ளை அதன் தொடையில் விரலால் சாய்வாகக் கோடு இழுக்கும். கோடு முடிந்ததும் மரம் மூச்சை மெதுவாக, சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சிரட்டை நிறைகிறவரை விட வேண்டும். யாருடைய மரம் அதிகம் பால் கொடுக்கிறது என்று போட்டி. மூச்சை நீளமாக விடப் பழக்குவதற்கு இதைவிட ஒரு வழியை எந்தப் பெரிய மண்டபத்தில் படிப்பித்துவிடுவார்கள்?

அவள் கதை சொல்கிற முறையும் அப்படித்தான். பாதிக் கதைதான் அவளுடையது. “காட்டுக்குள்ள ஒரு உடும்பு போச்சு. அப்புறம்?” என்று நிறுத்துவாள். பிள்ளைகள் சொல்ல வேண்டும். சொன்னது எதுவானாலும் எல்லாரும் உடம்பால் செய்தாக வேண்டும். டீச்சர் மறுக்கக் கூடாது, மாற்றக் கூடாது, அதுதான் சட்டம். ஒருநாள் ஒன்று, “அப்புறம் கங்காணி வந்தாரு” என்றது. அவ்வளவுதான், இருபத்துமூன்றும் வயிற்றைத் தள்ளிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தன. கங்காணி ஜன்னலால் பார்த்துவிட்டு ஒரு கிழமை அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஷாமிளாவை அவள் அறிந்துகொண்டதும் இப்படிக் கதை கேட்டுத்தான்.

ஷாமிளா காத்தமுத்துவின் மகள். காத்தமுத்து என்றதும் பல் விழுந்த கிழவர் என்று நினைக்க வேண்டாம். தாத்தா பேரை வைத்துவிட்டார்கள், ஆளுக்கு முப்பத்தேழு வயதுதான். பெண்சாதி குவைத்துக்குப் போய் முதல் வருசம் பேசினாள், பிறகு பேச்சு நின்றுவிட்டது. மூன்று வயதுப் பிள்ளை ஒருநாள் காம்பராவுக்கு வரும், இரண்டு நாள் வராது. வந்த நாளில் ஒரு மூலையில் இருக்கும். ஆனால் “அப்புறம்?” என்று சுமித்ரா நிறுத்துகிற இடத்தில் மட்டும் வாய் திறக்கும். திறந்தால் ஒரே பதில்தான்.

“அப்புறம் கதவைப் பூட்டிட்டாங்க.”

உடும்புக் கதையானாலும் சரி, நிலாக் கதையானாலும் சரி, கதவைப் பூட்டிவிடும். சட்டப்படி எல்லாரும் முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையைக் கவிழ்த்து, இறுக்கமாக இருப்பார்கள். சுமித்ரா மெதுவாக, “அப்புறம்?” என்பாள்.

“அப்புறம் ஒண்ணுமில்ல.”

மூன்றாம் தரம் இப்படி நடந்தபோது, பிள்ளை வராத நாட்கள் சுமித்ராவுக்கு நினைவுக்கு வந்தன. அன்று பின்னேரமே காத்தமுத்துவின் வாசலில் போய் நின்றாள்.

“அண்ணே, பிள்ளைய உள்ள வச்சுப் பூட்டிட்டா வேலைக்குப் போறீங்க?”

அவன் தலை நிமிரவில்லை. “உடுப்பு காயலன்னா என்னா செய்யச் சொல்றீங்க டீச்சர்? அழுக்கு உடுப்போட அனுப்புனா, தாயில்லாப் பிள்ளைன்னு நாலு பேரு பேசுவாங்க.”

“அம்மணமா வந்தாலும் பரவாயில்ல. கொண்டாந்து விடுங்க. நான் பார்த்துக்கிறேன்.”

அன்றோடு பூட்டு நின்றது. ஒரு நாள் தவறாமல் ஷாமிளா வந்தாள். அட்டையாக ஊர்ந்தாள், மரமாக நின்றாள். காம்பராவிலேயே அதிகம் பால் கொடுத்த மரம் அவள்தான். ஆனால் கதைக்குள் கதவு மட்டும் பூட்டியபடியே கிடந்தது. என்றைக்காவது ஒரு நாள் பிள்ளை தன் வாயாலேயே அதைத் திறக்கும் என்று சுமித்ரா காத்திருந்தாள். அவள் திறந்துவிட முடியாதே. சட்டம் போட்டவளும் அவள்தானே.

இதற்கிடையில் தோட்டத்தைக் கட்டுப்பொல் பிடித்தது. முள்ளு முள்ளாக நிற்கிற எண்ணெய்ப் பனைக்கு அங்கே எல்லாரும் சொல்கிற சிங்களப் பேர் அது. மேல் பிரிவு ரப்பரை வேரோடு பிடுங்கி அதை நட்டார்கள். அதற்குப் பால் வெட்ட ஆள் வேண்டாம், விடியலில் எழும்ப வேண்டாம், பத்துப் பேர் பார்த்த இடத்தை இரண்டு பேர் பார்க்கலாம். குடும்பம் குடும்பமாக மூட்டை கட்டினார்கள். ஷாமிளாவை அவ்வப்போது எட்டிப் பார்த்துக்கொண்ட அடுத்த காம்பராச் சின்னம்மாவும் மகனோடு வத்தளைக்குப் போய்விட்டாள். பிள்ளைக் காம்பராவில் இருபத்துமூன்று பதினாறாகி, பதினாறு பதினொன்றாகியது.

ஒருநாள் ஸும்றா மிஸ் போன் எடுத்தார். மன்றத்தின் சபரகமுவ மாகாணப் பொறுப்பாளர்; சுமித்ராவுக்கு இரத்தினபுரியில் படிப்பித்தவரும் அவர்தான். நல்ல மனுசி, சும்மா சொல்லக் கூடாது.

“சுமித்ரா, ஒளிக்காமச் சொல்றேன். பதினொரு புள்ளைக்கு இவ்வளவு செலவான்னு மேல கேக்கிறாங்க. ஒங்கட வேலையை நான் கண்டிருக்கேன், அவங்க காணல்ல. பெரிய மாத்தயாவக் கூட்டிட்டு வாறேன். புள்ளைகள் கதையோட செய்றத ஒரு தரம் கண்டா, இன்னும் ரெண்டு வருசம் கேட்டு வாங்கிரலாம். அது ஒங்க கையிலதான் இருக்கு.”

ரெண்டு வருசம்! ஷாமிளாவுக்கு நாலரை வயது. பள்ளிக்கூடத்தில் சேர்க்க இன்னும் ஒன்றரை வருசம் கிடக்கிறது. டவுனில் இருக்கிற பாலர் பாடசாலைக்கு ஆட்டோ பிடித்து அனுப்புகிற நிலையிலா காத்தமுத்து இருக்கிறான்? காம்பரா மூடினால் பூட்டு மறுபடி தொங்கும். சுமித்ராவுக்கு வேறெதுவும் மனதில் நிற்கவில்லை.

அப்படியிருக்க அவள் செய்த காரியத்தைக் கேளுங்கள். லயம் லயமாகப் போய்த் தாய்மாரிடம் சொன்னாள்: “வியாழக்கிழமை கொழும்பிலருந்து வாறாங்க. பிள்ளைகள நல்லா உடுத்தி அனுப்புங்க.”

அட, உனக்கு யாரம்மா இதைச் சொல்லச் சொன்னது என்று கேட்கத் தோன்றும். அவளைத் திட்டுவதற்கு முன் இதையும் கேளுங்கள். அவளுக்கு ஐந்து வயதாயிருக்கும்போது வெள்ளைக்காரர்கள் சிலர் இதே காம்பராவைப் பார்க்க வந்தார்கள். எல்லாப் பிள்ளைகளையும் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தார்கள். இவள் கவுன் தோளில் கிழிந்திருந்தது. அப்போதிருந்த ஆயா இவள் கையைப் பிடித்து இழுத்துக் கதவுக்குப் பின்னால் நிறுத்தினாள். அந்தப் படம் இன்றைக்கும் தோட்டத்து ஒப்பீஸ் சுவரில் தொங்குகிறது. இவள் அதில் இல்லை. அந்த வெட்கம் உடம்பை விட்டுப் போகுமா? ஆள் வந்தால் நல்லா உடுத்த வேண்டும் என்பது அங்கே பிறந்த எல்லாருக்கும் இரத்தத்தில் ஊறிய காரியம். யோகா அதற்குப் பிறகு வந்ததுதானே.

வியாழக்கிழமை விடியவே மழை கொட்டியது. மழை பெய்தால் ரப்பர் மலையில் பால் வெட்டு இல்லை. வெட்டினால் பாலை மழைத் தண்ணீர் கெடுத்துவிடும். ஆக வேலை இல்லை. மற்ற நாளாயிருந்தால் தாய்மார் பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டு ஓடியிருப்பார்கள். அன்றைக்கு எல்லாரும் குடை பிடித்துக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் தூக்கி, சேறு படாமல் கொண்டுவந்து சேர்த்தார்கள். சேர்த்துவிட்டுப் போனார்களா? சுவரோரம் வரிசையாக நின்றுகொண்டார்கள். சோலி இல்லாத காத்தமுத்துவும் வந்து ஜன்னலுக்கு வெளியே தாழ்வாரத்தில் நின்றான்.

பிள்ளைகளைப் பார்த்ததும் சுமித்ராவுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. திருவிழாவுக்கு எடுத்த கவுன், ஜரிகை வைத்த பட்டுப்பாவாடை, கழுத்துப் பட்டி கட்டிய சேட்டு, முகமெல்லாம் பவுடர். பெரிய மாத்தயா, அதாவது மன்றத்துப் பெரிய ஐயா, நாற்காலியில் உட்கார்ந்தார். தமிழ் தெரியாது, சிரித்த முகம். ஸும்றா மிஸ் கண்ணைக் காட்டினார். சுமித்ரா தொடங்கினாள்.

“காட்டுக்குள்ள மழை பெஞ்சுச்சு. ஒரு அட்டை வெளிய வந்துச்சு. எல்லாரும் அட்டையாகுங்க பார்ப்போம்!”

ஒரு பிள்ளையும் அசையவில்லை. முன்னால் இருந்தவன் கையை ஊன்றக் குனிந்தான். சுவரோரத்திலிருந்து அவன் தாய், “ஏய்! சேட்டு!” என்றாள். அவன் நிமிர்ந்து கையைக் கட்டிக்கொண்டான். அவனைப் பார்த்து எல்லாரும் கையைக் கட்டினார்கள்.

“சரி, எல்லாரும் ரப்பர் மரம்.” ஒரு பெண்பிள்ளை காலைத் தூக்கியது. “காலைக் கீழ போடு, பாவாடை தூக்குது,” என்று இன்னொரு தாய் பல்லைக் கடித்தாள். ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லவே சுமித்ராவுக்கு நா எழவில்லை. மழை நாளில் ஈரமாய்க் கிடந்த சீமெந்துத் தரையில் அந்தக் கவுன்களோடு யார் படுக்க விடுவார்கள்? “அக்கா, கொஞ்சம் விடுங்களேன், பிள்ளைகள் செய்யட்டும்,” என்று தாய்மாரிடம் கெஞ்சினாள். “ஒங்க பேரைக் காப்பாத்தத்தானே டீச்சர் அடக்கி வச்சிருக்கோம்,” என்றாள் ஒருத்தி, உண்மையான அன்போடு. சுமித்ராவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அப்போதுதான் கடைசி வரிசையிலிருந்து ஷாமிளா எழும்பினாள். அவளுக்குத் திருவிழாக் கவுன் இல்லை, அதட்டச் சுவரோரம் தாயும் இல்லை. சாயம் போன சட்டையோடு நடுத்தரைக்கு வந்து, கையை ஊன்றி, முதுகை வளைத்து, ஊர்ந்தாள். மாத்தயா நாற்காலியில் முன்னால் சரிந்தார். ஸும்றா மிஸ் அவர் காதில் சிங்களத்தில் சொல்லிக்கொண்டே வந்தார்.

சுமித்ராவுக்கு உயிர் வந்தது. “அட்டை மரத்துக்கிட்ட போச்சு. அப்புறம்?”

“அப்புறம் மரம் பால் குடுத்துச்சு.” ஒற்றைக் காலில் நின்றாள். மூச்சை விட்டாள், விட்டாள், விட்டுக்கொண்டே நின்றாள். மழைச் சத்தத்துக்குள்ளும் அது கேட்டது. மாத்தயா தன்னையறியாமல் தானும் மூச்சை விட்டார்.

“அப்புறம்?”

“அப்புறம் கதவைப் பூட்டிட்டாங்க.” உட்கார்ந்து முழங்காலைக் கட்டித் தலையைக் கவிழ்த்தாள்.

சுவரோரத்தில் யாரோ இன்னொருத்தியிடம் குசுகுசுத்தார்கள். இரண்டு பேர் திரும்பி ஜன்னலைப் பார்த்தார்கள். சுமித்ரா அதைக் கவனிக்கவில்லை. வழக்கம்போல, மெதுவாக, “அப்புறம்?” என்றாள்.

பிள்ளை தலையைத் தூக்கியது. ஒரு வருசத்துக்கு மேலாக இந்த இடத்தில் தூக்காத தலை.

“அப்புறம் ஒரு ஆளு வந்து…”

சொல்லு கண்ணு, சொல்லு, யாரு வந்தது, என்ன செய்தது என்று சுமித்ரா உள்ளுக்குள் கதறினாள். அந்த நேரம் பார்த்துக் காத்தமுத்து ஈரக் காலோடு உள்ளே வந்தான். யாரையும் பார்க்கவில்லை. குனிந்து மகளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போய்விட்டான். அவனைக் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. அத்தனை பேர் முன்னால் அவன் கதவைப் பற்றித்தானே பேச்சு.

மீதிப் பத்துப் பிள்ளைகளும் கையைக் கட்டியபடி இருந்தன. மாத்தயா எழும்பி ஒவ்வொன்றாகத் தலையைத் தடவினார். “லமய் ஹரி வினீதய்!” என்றார். பிள்ளைகள் நல்ல ஒழுக்கம் என்று. அங்கே சிங்களம் எல்லாருக்கும் தண்ணீர் பட்ட பாடு. தாய்மாருக்கு முகமெல்லாம் பல். வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தார்கள். ஸும்றா மிஸ் மட்டும் சுமித்ராவின் கையைப் பிடித்து அழுத்திவிட்டு வேனில் ஏறினார்.

மூன்று கிழமையில் கடிதம் வந்தது. இந்த நிலையத்துப் பிள்ளைகள் ஏற்கெனவே ஒழுங்கும் அமைதியும் உள்ளவர்களாகக் காணப்படுவதால், இதைவிடத் தேவை அதிகமுள்ள இடத்துக்குத் திட்டம் மாற்றப்படுகிறது என்று எழுதியிருந்தது. வயிற்றெரிச்சல்! சுமித்ரா ஸும்றா மிஸ்ஸுக்குப் போன் எடுத்தாள். “நான் எழுதினது வேற சுமித்ரா. அவங்க கண்டது வேற,” என்றார் அவர். மன்றம் விட்டதும் தோட்டமும் விட்டது. இப்போது பிள்ளைக் காம்பராவில் கட்டுப்பொல்லுக்கான உர மூட்டை அடுக்கியிருக்கிறார்கள்.

அந்த ஆள் யார் என்று சுமித்ரா பிறகு ஒருநாள் ஷாமிளாவிடம் கேட்டாள். பிள்ளை யோசித்துப் பார்த்தது. “மறந்துருச்சு டீச்சர்,” என்றது. அவ்வளவுதான்.

சுமித்ரா சும்மா இருக்க முடியுமா? அவிசாவளைப் பக்கம் ஒரு தையல் பெக்டரியில் வேலைக்கு எடுத்தார்கள். காலை ஐந்தே முக்காலுக்குக் கீழ் ரோட்டில் பெக்டரி பஸ் வரும். திரும்பி வர இருட்டிவிடும். காத்தமுத்துவுக்குத் தோட்டத்தில் வேலை முடிந்து, கல் உடைக்கிற இடத்துக்கு லொறியில் போகிறான். அவன் லொறி நாலரைக்கு. அவளுடைய முதல் சம்பளத்துக்கு முந்திய கிழமை அவன் அவள் வாசலில் வந்து நின்றான். அன்றைக்கு அவள் அவன் வாசலில் நின்ற மாதிரி.

“டீச்சர், ஒரு உதவி. நாலரைக்குப் பூட்டுனா பிள்ளை தூக்கத்துல எழும்பிப் பயந்து கத்துது. நீங்க பஸ்ஸுக்குப் போறப்ப எழுப்பி, ஒரு வாய் தேத்தண்ணி குடுத்துட்டு… நீங்க பூட்டினீங்கன்னா அதுக்குப் பயம் இருக்காது. வேற யாருகிட்டக் கேட்பேன்?”

வேற யாரும்தான் இல்லையே. பத்துக் காம்பரா லயத்தில் மூன்றில்தான் ஆள் இருக்கிறது. முடியாது என்றால் பிள்ளை இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கூடுதலாக உள்ளே கிடக்கும், இருட்டில். சுமித்ரா சாவியை வாங்கிக்கொண்டாள். வாங்கும்போது அழுதுவிட்டாள், அவனும் பார்க்காத மாதிரி நின்றான்.

இப்போது ஒவ்வொரு நாளும் அவள்தான் போகிறாள். எழுப்பி, முகம் கழுவி விட்டு, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, மத்தியானச் சோற்றை மூடி வைத்து, தண்ணீர்ப் போத்தலைக் கைக்கு எட்டுகிற இடத்தில் வைக்கிறாள். வெளியே வந்து கதவைச் சாத்துவாள். கொளுக்கியில் பூட்டை மாட்டிப் பிடித்தபடி நிற்பாள். கீழே வளைவில் பஸ் ஹோர்ன் அடிக்கும்.

உள்ளேயிருந்து ஷாமிளா சொல்வாள்: “பூட்டுங்க டீச்சர். பஸ் போயிரும்.”